கார்பன் மேல் பிளாட்டினம் பரப்ப: ஒரு ப்ரோப் சோனிகேட்டரும் ஒரு ஈட்டிமுனை பிஎச் எலெக்ட்ரோடும்

நான்கு வருடத்துக்கு முன்னால் எங்கள் ஆய்வகத்தில் ஒரு ப்ரோப் சோனிகேட்டர் (உலோக முனையைத் திரவத்தில் இறக்கி மீயொலி அதிர்வால் கலக்கும் இயந்திரம்) வாங்கினோம். ஒன்றரை வருடம் கழித்து ஒரு ஈட்டிமுனை பிஎச் எலெக்ட்ரோடு (பிஎச், அதாவது அமில-கார அளவைக் குத்தி அளக்கும் கருவி) வாங்கினோம். முதலாவதின் விலை ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. இரண்டாவது அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. இரண்டையும் வாங்கியது ஒரே வேலைக்குத்தான்: வினையூக்கி செய்ய, வல்கன் கார்பன் என்ற கருப்புப் பொடி மேல் பிளாட்டினம் நானோ துகள்கள் திட்டுத்திட்டாகச் சேராமல் சீராகப் பரவ வேண்டும். எந்தப் பொருள் எந்த வேலையை உண்மையில் செய்தது என்பது இப்போது எனக்குத் தெளிவாகத் தெரியும். இதே வேலையில் இருப்பவர்கள், குறிப்பாக ஆய்வகத்துக்கு ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்ற நிலையில் இருப்பவர்கள், வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

பரவலுக்கு ஏன் இவ்வளவு பாடு என்று கேட்பவர்களுக்கு: வினை நடப்பது துகளின் மேற்பரப்பில் இருக்கும் அணுக்களில் மட்டும்தான். உள்ளே புதைந்த பிளாட்டினம் அணு காசு தின்றுவிட்டுச் சும்மா இருக்கும். துகள் 2 நானோமீட்டர் என்றால் மொத்த அணுக்களில் ஏறக்குறைய பாதி வெளியே இருக்கும். 5 நானோமீட்டர் என்றால் ஐந்தில் ஒன்று சொச்சம். 10 நானோமீட்டருக்குப் போனால் பத்தில் ஒன்றுதான். ஒரு கிராம் பிளாட்டினம் உப்பு என்ன விலை என்று பில்லில் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு தூக்கத்தில்கூட வரும்.

முதலில் சோனிகேட்டர். உள்நாட்டுத் தயாரிப்பு, 500 வாட், 20 கிலோஹெர்ட்ஸ். 13 மில்லிமீட்டர் டைட்டானியம் முனை ஒன்று, 6 மில்லிமீட்டர் முனை ஒன்று, சத்தத்தை அடக்க ஒரு பெட்டி. பெட்டியை மூடினாலும் அந்தக் கீச்சொலி பல்லைக் கூசவைக்கும், காதில் பஞ்சில்லாமல் பக்கத்தில் நிற்க முடியாது. இயந்திரம் வலுவானது, அதில் குறை சொல்ல மாட்டேன். தண்ணீரில் முனையை இறக்கி ஓடவிட்டால் முனைக்குக் கீழே வெண்மையாக ஒரு கூம்பு தெரியும். நுண்குமிழ்கள் உருவாகி உடைகிற இடம் அது. வல்கன் கார்பனைத் தண்ணீரில் போட்டால் நனையாமல் மேலே மிதந்து பீக்கரின் சுவரில் ஏறிக்கொள்ளும். இந்த முனையை இறக்கிய இரண்டே நிமிடத்தில் மை போலக் கரைந்துவிடும். அதைப் பார்த்த முதல் நாள் எனக்குக் கிடைத்த சந்தோஷத்தை இப்போதும் மறக்கவில்லை. இனி எல்லாம் பரவிவிடும் என்று நினைத்தேன்.

பரவியது கார்பன். பிளாட்டினம் பரவவில்லை.

அப்போது நான் செய்துகொண்டிருந்தது இதுதான். எங்கள் சீனியர் அண்ணா ஒருவர் சிலிக்கா மேல் பிளாட்டினம் ஏற்றி அருமையான முடிவுகள் எடுத்திருந்தார். அவர் நோட்டில் இருந்த செய்முறையை அப்படியே எடுத்தேன். டெட்ராஅம்மைன் பிளாட்டினம் நைட்ரேட் என்ற உப்பைத் தண்ணீரில் கரைத்து, அமோனியா விட்டு பிஎச்சை 10.5-க்குக் கொண்டுவந்து, சிலிக்காவுக்குப் பதிலாக வல்கன் கார்பனைப் போட்டேன். ஒரு கிராம் கார்பனுக்குப் பத்து மில்லி கரைசல், கெட்டியான குழம்பு. அதில் சோனிகேட்டர் முனையை இறக்கி அரை மணி நேரம் ஓட்டினேன். பிறகு சூடான தட்டில் உலர்த்தி, ஆர்கானில் 5 சதவீத ஹைட்ரஜன் கலந்த வாயுவில் 200 டிகிரியில் ஒடுக்கினேன், அதாவது உப்பை உலோகப் பிளாட்டினமாக மாற்றினேன்.

டெம் (எலெக்ட்ரான் நுண்ணோக்கி) படம் வந்தபோது மனசு உடைந்துவிட்டது. ஓரிடத்தில் 15, 20 நானோமீட்டர் கட்டிகள் திராட்சைக் கொத்து மாதிரி. அதற்குப் பக்கத்திலேயே ஒரு புள்ளிகூட இல்லாத வெறும் கார்பன். எக்ஸ்ஆர்டியில் (எக்ஸ்-கதிர் சோதனையில்) 39.8 டிகிரியில் வரும் பிளாட்டினத்தின் முதல் உச்சி ஊசி மாதிரி நின்றது. துகள் பெரிது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. சோனிகேஷன் போதவில்லை என்று முடிவுகட்டி ஒரு மணி நேரம் ஓட்டினேன். இன்னும் மோசம். ஆம்ப்ளிட்யூடை, அதாவது அதிர்வின் வீச்சை, கூட்டினேன். அதைவிட மோசம். மூன்று மாதம் இப்படியே போயிற்று.

கடைசியில் அந்த அண்ணாவுக்கே போன் செய்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கார்பனைப் போட்ட அப்புறம் பிஎச் எவ்வளவும்மா?"

"10.5 அண்ணா."

"அது போடறதுக்கு முன்னாடி. போட்ட அப்புறம்?"

நான் அளக்கவே இல்லை. அளக்கவும் முடியாது. எங்களிடம் இருந்தது சாதாரணக் குமிழ் எலெக்ட்ரோடு. பத்து மில்லி கருப்புச் சேற்றில் அதன் குமிழ் முழுதாக மூழ்காது, மூழ்கினாலும் எண் நிற்காது. "ஈட்டிமுனைன்னு ஒண்ணு இருக்கு, தயிர், சீஸ், கறி இதுலெல்லாம் குத்தி அளக்கறது. அதை வாங்கு" என்றார். அப்படித்தான் இரண்டாவது பொருள் எங்கள் மேசைக்கு வந்தது.

பார்க்க ஒன்றும் இல்லை. பேனா நீளம், முனையில் பென்சில் சீவியது மாதிரி கூம்பான கண்ணாடி. உள்ளே ஜெல் நிரப்பியது, மேலே திரவம் ஊற்றிக்கொண்டிருக்கத் தேவையில்லை. எங்கள் பழைய பிஎச் மீட்டரிலேயே மாட்டிக்கொண்டது. 4, 7, 10 பஃபர்களில் (பிஎச் முன்பே தெரிந்த கரைசல்களில்) சரிபார்த்துவிட்டு, அதே பழைய செய்முறையைத் திரும்பச் செய்து, சோனிகேஷன் முடிந்ததும் குழம்பில் குத்தினேன். 8.8.

10.5-இல் தொடங்கியது 8.8-இல் வந்து நின்றிருக்கிறது. இரண்டு காரணம். ஒன்று, கார்பனே அதை இழுத்துவிட்டது. வல்கன் எக்ஸ்சி-72ஆர் கிராமுக்கு சுமார் 230 சதுர மீட்டர் பரப்பு உள்ள பொடி. பத்து மில்லி தண்ணீரில் அவ்வளவு பரப்பைப் போட்டால் தண்ணீர் சொல்வது எடுபடாது, கார்பன் சொல்வதுதான் எடுபடும். இரண்டாவது காரணம் எனக்கு இன்றும் வலிக்கும். சோனிகேட்டர் குழம்பைச் சூடாக்கியது, அந்தச் சூட்டிலும் அதிர்விலும் அமோனியா ஆவியாகி வெளியேறியது. அந்த மூன்று மாதமும் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி வந்தது. அந்த நெடிதான் விடை. ஜன்னலைத் திறந்துவிட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

8.8 ஏன் கெடுதல் என்றால்: கார்பனோ ஆக்சைடோ, தண்ணீரில் போட்டால் அதன் மேற்பரப்பு அமிலத்தில் புரோட்டானை ஏற்று நேர்மின் கொள்ளும், காரத்தில் புரோட்டானை இழந்து எதிர்மின் கொள்ளும். நடுவில் ஏதோ ஒரு பிஎச்சில் மின்னேற்றமே இருக்காது. அதுதான் பூஜ்ஜிய மின்னேற்றப் புள்ளி. சிலிக்காவுக்கு அது 2-க்கும் 4-க்கும் இடையில், அலுமினாவுக்கு 8-ஐ ஒட்டி. சிலிக்காவைக் காரக் கரைசலில் போட்டால் நல்ல எதிர்மின் ஏறி, நேர்மின் கொண்ட டெட்ராஅம்மைன் அயனியை வாரி இழுத்துக்கொள்ளும். அண்ணாவின் செய்முறை சிலிக்காவில் ஜெயித்தது அதனால்தான். என் கார்பனுக்கோ அந்தப் புள்ளியே 8.6. அதாவது நான் மூன்று மாதமும் கார்பனுக்கு எந்த ஈர்ப்பும் இல்லாத இடத்திலேயே அதைக் குலுக்கிக்கொண்டிருந்தேன். பிளாட்டினம் அயனிகள் கார்பனில் உட்காராமல் தண்ணீரிலேயே சுற்றியிருக்கின்றன. தண்ணீர் வற்ற வற்ற, கடைசியாக ஈரம் நின்ற இடத்தில் எல்லாம் கூடிக் காய்ந்திருக்கின்றன. போர் தண்ணீர் சில்வர் டம்ளரில் காய்ந்தால் ஓரத்தில் வெள்ளை வளையம் விழுமே, அதே சங்கதி. தண்ணீரை எவ்வளவு அடித்துக் கலக்கினாலும் அது காயும்போது வளையம் விழத்தான் செய்யும்.

அந்த 8.6-ஐ நான் கண்டுபிடித்ததும் இந்த எலெக்ட்ரோடால்தான், அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏழு சிறு குப்பிகளில் தண்ணீர் எடுத்து, நைட்ரிக் அமிலமோ சோடியம் ஹைட்ராக்சைடோ சொட்டி, பிஎச்சை 4, 5, 6 என்று 10 வரை வைத்தேன். ஒவ்வொன்றிலும் இட்லி மாவு பதத்துக்கு வரும்வரை கார்பனைக் கொட்டி, மூடி, ஒரு மணி நேரம் குலுக்கினேன். பிறகு ஒவ்வொன்றாக ஈட்டிமுனையைக் குத்தினேன். முதல் குப்பி 8.4. அடுத்தது 8.5. அடுத்தது 8.6. பத்தில் தொடங்கிய குப்பியும் 8.7-க்கு இறங்கி வந்து உட்கார்ந்திருந்தது. எங்கே தொடங்கினாலும் கார்பன் எல்லாவற்றையும் தன் எண்ணுக்கே இழுத்துவந்து நிறுத்தியது. நோட்டில் அந்த ஏழு எண்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக விழுந்த மதியம், முதன்முறையாக இந்தக் கருப்புப் பொடி எனக்குப் பதில் சொன்னது போலிருந்தது. ஒரு மதிய நேரம், அரை ஸ்பூன் அமிலம், கொஞ்சம் கார்பன். அவ்வளவுதான் செலவு.

இது நான் கண்டுபிடித்த வழி இல்லை. அயனியையும் பரப்பையும் எதிரெதிர் மின்னேற்றத்தில் சந்திக்க வைக்க வேண்டும் என்பதை ப்ரூனெல் 1978-லேயே எழுதியிருக்கிறார். அமெரிக்காவில் ஜான் ரெகல்புட்டோவின் குழு அதை எண்ணிக்கையாக, கணக்காக வளர்த்தெடுத்தது. வலுவான மின்நிலை உறிஞ்சல் என்று அதற்குப் பெயர். கெட்டிக் குழம்பில் ஈட்டிமுனையைக் குத்திப் பூஜ்ஜியப் புள்ளி எடுப்பதும் அவர்கள் வழிதான்.

எண் கையில் வந்ததும் செய்முறையைத் தலைகீழாக மாற்றினேன். 8.6 உள்ள கார்பனுக்கு அமிலப் பக்கம் போனால் நல்ல நேர்மின் ஏறும். அப்படியானால் பிளாட்டினம் எதிர்மின் அயனியாக வர வேண்டும். அதைத் தருவது குளோரோபிளாட்டினிக் அமிலம். ஆரஞ்சு நிறப் படிகம், காற்றில் வைத்தால் ஈரம் குடித்துக் கசிந்துவிடும், அதனால் எடை பார்ப்பதில் கை வேகம் வேண்டும். குழம்பையும் நீர்க்க வைத்தேன். ஒரு கிராம் கார்பனுக்கு 230 மில்லி. அப்போதுதான் கார்பனால் பிஎச்சை இழுத்துக்கொண்டு போக முடியாது. 2.7-இல் தொடங்கி 3-இல் முடிந்தது.

ஒரு மணி நேரம் குலுக்கிவிட்டு வடிகட்டினேன். கார்பன் போடுவதற்கு முன் அந்தக் கரைசல் எலுமிச்சைச் சாற்றின் வெளிர் மஞ்சள். வடிதாளின் கீழே குடுவையில் சொட்டியது வெறும் தண்ணீர் நிறம். வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்துப் பார்த்தேன், மஞ்சள் இல்லை. ஸ்டானஸ் குளோரைடு ஒரு சொட்டு விட்டேன். பிளாட்டினம் மிச்சம் இருந்தால் மஞ்சளோ ஆரஞ்சோ காட்டிக்கொடுத்துவிடும். மிக மெல்லிய சாயல் மட்டும் வந்தது. போட்டதில் கிட்டத்தட்ட எல்லாம் கார்பன் மேல் ஏறிவிட்டது. இரவு முழுக்க அறைச் சூட்டில் உலரவிட்டு, முன்பு மாதிரியே 200 டிகிரியில் ஒடுக்கினேன். டெம் படத்தில் 2 நானோமீட்டரைச் சுற்றியே புள்ளிகள், மிளகுப் பொடி தூவினாற்போல் கார்பன் முழுக்க. எக்ஸ்ஆர்டியில் அந்த ஊசி உச்சி போய், படுத்துக் கிடக்கும் மேடு ஒன்றுதான் இருந்தது. அந்த மாதிரியில் சோனிகேட்டர் ஓடியது, கார்பனைத் தண்ணீரில் நனைக்க ஐந்து நிமிடம் மட்டும்.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. பரப்பில் அயனிகள் ஒரு அடுக்குக்கு மேல் உட்காரா. சதுர மீட்டருக்கு 1.6 மைக்ரோமோல் என்று வைத்துக்கொண்டால் ஒரு கிராம் கார்பனின் 230 சதுர மீட்டருக்குப் பிளாட்டினம் 70 மில்லிகிராம் சொச்சம், அதாவது ஒரு தடவையில் ஆறு, ஏழு சதவீதம்தான் ஏறும். 20 சதவீதம் வேண்டுமென்றால் ஏற்று, உலர்த்து, ஒடுக்கு, திரும்ப ஏற்று என்று போக வேண்டும். அமிலத்தை அள்ளி ஊற்றினாலும் கெட்டுவிடும். எங்கள் ஜூனியர் பிள்ளை ஒருத்தி ஒருநாள் பிஎச்சை 1-க்கு இறக்கிவிட்டு, "அக்கா, வடிஞ்ச தண்ணி மஞ்சளாவே இருக்கு" என்று ஓடிவந்தாள். கரைசலில் அயனிகள் அளவுக்கு மீறிப் போனால் பரப்பின் ஈர்ப்பை அவையே மறைத்துவிடும், பிளாட்டினம் தண்ணீரிலேயே நின்றுவிடும்.

இனி சோனிகேட்டரின் நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். அது கெட்ட இயந்திரம் இல்லை, நான் அதனிடம் தப்பான வேலையைக் கேட்டேன். வல்கன் கார்பனில் சிறு துகள்கள் சங்கிலியாக ஒட்டி, அந்தச் சங்கிலிகள் மேலும் கட்டியாக உருண்டிருக்கும். அந்தக் கட்டிகளை உடைத்து நனைக்க இதைவிடச் சிறந்தது எங்களிடம் வேறில்லை. பீக்கரை ஐஸில் வைத்து, ஐந்து விநாடி ஓட்டு, ஐந்து விநாடி நிறுத்து என்று பல்ஸில் போட்டால் சூடும் ஏறாது. சோதனை மின்முனை மேல் பூச, வினையூக்கியோடு நஃபியான் என்ற பாலிமரைச் சேர்த்து மை தயாரிக்கவும் உதவும், ஆனால் அங்கே பாத் சோனிகேட்டரே (குப்பியைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து அதிர்விப்பது) போதும் என்பது என் அனுபவம். தயாரான வினையூக்கியை ப்ரோப்பில் நீண்ட நேரம் அடித்தால் ஒட்டிய பிளாட்டினமே கார்பனை விட்டுக் கழன்றுவிடும். மை பற்றிப் பேசும்போது ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். உலர்ந்த பிளாட்டினம்-கார்பன் பொடி மேல் நேரடியாக ஐசோபுரப்பனால் ஊற்றாதீர்கள். தீப்பிடிக்கும். முதலில் தண்ணீர் விட்டு நன்றாக நனைத்த பிறகே ஆல்கஹால். பரவல் நன்றாக இருக்கும் மாதிரியில் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

சோனிகேட்டரில் எனக்குள்ள குறைகள். எத்தனை ஜூல் உள்ளே போனது என்று காட்டாது, ஆம்ப்ளிட்யூட் சதவீதம் மட்டும் காட்டும். பீக்கர் மாறினால், முனை எவ்வளவு ஆழம் இறங்கியது என்பது மாறினால், அதே 40 சதவீதம் அதே வேலையைச் செய்யாது. வெப்பநிலை உணரி கூட வரவில்லை, தனியாகத்தான் வாங்க வேண்டும். பெரிய குறை முனை. வந்தபோது முகம் பார்க்கும் பளபளப்பு. ஒரு வருடத்தில் அந்த வட்டம் மங்கி, விரலால் தடவினால் அம்மை விழுந்த மாதிரி சொரசொரப்பு தட்டியது. அப்படி உதிர்ந்த டைட்டானியம் எங்கே போயிருக்கும்? என் மாதிரிகளுக்குள்தான். கருப்புக் கார்பனில் கண்ணுக்குத் தெரியாது. விற்ற நிறுவனத்தின் ஆள் வந்து பார்த்துவிட்டு "இது நார்மல்தான் மேடம்" என்றார். நார்மல் என்பது சரிதான். ஆனால் முனை தேயும் பொருள், மாற்றுமுனைக்கு இவ்வளவு ஆகும் என்று வாங்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். மாற்றுமுனை வர ஏழு வாரம் ஆயிற்று. தேய்த்து மெருகேற்றிக்கொள்ளலாம் என்றாலும் ஓரளவுக்குத்தான், முனையின் நீளம் அதிர்வெண்ணுக்குப் பொருந்தியிருக்க வேண்டும், குறைந்துவிட்டால் இயந்திரமே ஒத்துழைக்காது.

ஈட்டிமுனையிலும் குறை இல்லாமல் இல்லை. கார்பன் அதன் சந்தியில் (உள்ளே இருக்கும் ஜெல் வெளித் திரவத்தைத் தொடும் நுண்துளையில்) அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு அளவுக்கும் பிறகு நிறைய தண்ணீரில் கழுவி, மெல்லிய டிஷ்யூவால் ஒற்றி எடுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது. 3 மோலார் பொட்டாசியம் குளோரைடில் வைக்காமல் ஒரு வாரம் காயவிட்டால் எண் நிற்கத் தாமதமாகும். அதன் மூடி சரியாக இறுகாது, உள்ளே இருக்கும் திரவம் கசிந்து மேசையில் உப்புப் பூக்கும். ஜெல் தீர்ந்தால் நிரப்ப வழியில்லை, புதிதுதான். எங்களுடையது பதினெட்டு மாதம் உழைத்தது. கண்ணாடி முனை கூர்மையாக இருப்பதால் பீக்கர் அடியில் இடித்தால் முடிந்தது கதை. எப்போதும் குப்பியைக் கையில் தூக்கி முனைக்குக் கொண்டுபோங்கள், முனையைக் குப்பிக்குள் இறக்காதீர்கள்.

பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் ஈட்டிமுனையை வாங்குங்கள். கார்பனை நனைக்க ஒரு சாதாரண பாத் சோனிகேட்டர் போதும், அது பக்கத்து ஆய்வகத்தில்கூடக் கிடைக்கும். அதில் வேகம் எங்கே இருக்கிறது என்று தெரிய, ஒரு துண்டு அலுமினியத் தாளைத் தண்ணீரில் செங்குத்தாக ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள். ஓட்டை விழும் இடத்தில் குப்பியை வையுங்கள். ப்ரோப் வாங்கியே ஆக வேண்டும் என்றால் ஜூல் காட்டும் மாடலாகப் பாருங்கள், மாற்றுமுனையின் விலையையும் அது வரும் நாளையும் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள்.

எங்களிடம் இப்போது இருப்பது இரண்டாவது ஈட்டிமுனை. சோனிகேட்டர் பெட்டியின் கதவில் ஜூனியர் பிள்ளை ஒரு தாள் ஒட்டியிருக்கிறாள்: தேதி, மாதிரி, எத்தனை நிமிடம், தொடக்க பிஎச், முடிவு பிஎச். கடைசிக் கட்டம் காலியாக இருந்தால் அந்த மாதிரியை நான் அடுப்பில் வைக்க விடுவதில்லை.